ஆறாவது ஆள்

அத்தியாயம் பதினான்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்தது ஜெயரத்தினம். "சனிக்கிழமை ஷூட்டிங் கேன்சலாம். ஸ்டூடியோ கிடைக்கலையாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதையும், அவள் அதை அப்படியே நம்பியதையும் போன வாரம் பார்த்தோம்.

நம்பாமல் இருக்க உர்சுலாவுக்குக் காரணம் எதுவும் இல்லை. பூன் லே பிளாட்டில் அந்தக் குடும்பத்தோடு ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டாள். கணவனுக்குக் கோபம் வரும், வாரக்கணக்கில் பேசாமல் இருப்பான். ஆனால் பொய் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்தவரை.

'துருபதன் மகள்' தொலைக்காட்சியில் ஓட ஆரம்பித்து இது இரண்டாவது வருடம். வாரா வாரம் பாஞ்சாலியாக வந்து, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி ஆட்களை உட்கார வைத்தவள் உர்சுலா. சுயம்வரம் முடிந்தது. இந்திரப்பிரஸ்தம் எழும்பி முடிந்தது. போன ஞாயிறு சூதாட்டமும் முடிந்து, தருமன் எல்லாவற்றையும் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். இனி வரப்போவது சபை. துச்சாதனன் அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்துவரும் சபை.

அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் இந்த வேஷத்துக்கே சம்மதித்தாள். அதற்காகத்தான் செம்பவாங்கில் இருக்கும் தன் அப்பா மரியஅந்தோணியின் வீட்டு வாசலையும் இழந்தாள். இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்ததையாவது காலப்போக்கில் மன்னித்திருப்பார். "மாதா கோயில்ல பாட்டுப் பாடின வாயால கிருஷ்ணா கிருஷ்ணான்னு கத்தப் போறியா? அப்ப இங்க வராத" என்று சொன்னவர் இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

புகுந்த வீட்டிலும் அவளை யாரும் உள்ளங்கையில் வைத்துத் தாங்கவில்லை. மாமியார் இராசேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கிறிஸ்தவ மருமகள் அவருக்கு இன்னமும் 'உந்த வேதக்காரி'தான். பாஞ்சாலி வேஷம் கட்டிய பிறகும் வேதக்காரி. ஆறு வருடமாகியும் வயிறு திறக்காத வேதக்காரி.

சனிக்கிழமை காலை, ஷூட்டிங் இல்லையே என்று, உர்சுலா தேக்காவுக்கு மீன் வாங்கப் போனாள். மார்க்கெட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே ஏதோ சரியில்லை. வழக்கமாக "பாஞ்சாலி வந்திருக்கு" என்று கிசுகிசுக்கும் பெண்கள் இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். மீன்காரர் அவள் கேட்ட பாறையை எடுக்காமல் சின்னச் சுறாவை எடுத்துப் போட்டு, "இதுதாம்மா உங்களுக்கு இப்ப நல்லது" என்றார்.

எருமை ரோட்டுப் பூக்காரம்மாதான் விஷயத்தை உடைத்தார். மல்லிகைச் சரத்தை இலையில் சுற்றி அவள் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எத்தனாவது மாசம்மா?"

"என்னது?"

"அட, எங்கிட்ட என்ன ஒளிவு மறைவு? நேத்து வெள்ளிக்கிழமை, கோயில்ல வச்சு உங்க மாமியாரே சொன்னாங்களே. ஆறு வருஷம் கழிச்சு அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு. எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

உர்சுலாவுக்குக் கூடை கனத்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூக்காரம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுக்கிறதுதாம்மா சரி. உங்க நாத்தனாரு, அந்தச் சின்னப் பொண்ணு, வெள்ளனவே வந்து ஷூட்டிங்குக்குன்னு பூ வாங்கிட்டுப் போச்சு. பாஞ்சாலி தலைக்கு நெறைய வேணும்னு இருந்த சரத்தையெல்லாம் வாங்கிட்டுப் போயிருச்சு."

உர்சுலா பூவை அங்கேயே பலகையில் வைத்தாள். மீன் கூடையையும் வைத்தாள். "இத கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னாளா, மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சிராங்கூன் ரோட்டில் வந்த முதல் டாக்ஸியை நிறுத்தினாள்.

குன்றின் மேல் இருந்த ஸ்டூடியோவுக்கு டாக்ஸி ஏறும்போது அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. யார் யாருக்குத் தெரியும்?

மேக்கப் அறைக் கதவைத் திறந்ததும் உடையலங்காரம் பார்க்கும் நூருன்னிசா எழுந்து ஓடி வந்தாள். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அல்லாவே, எதுக்கு வந்தே நீ? இந்த நேரத்துல அலையலாமா? உக்காரு, உக்காரு" என்று நாற்காலியை இழுத்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் நூரு. நீ கொஞ்சம் வெளிய இரு."

நூருன்னிசா அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கண்ணாடி முன்னால் சிவகாமசுந்தரி. ஜெயரத்தினத்தின் தங்கை, இருபத்திரண்டு வயது. உர்சுலாவின் சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தாள். உர்சுலாவின் நெற்றிச்சுட்டி அவள் நெற்றியில் இருந்தது. பூ மட்டும் அவளே வாங்கியது. நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது.

"எந்திரி" என்றாள் உர்சுலா.

சிவகாமி எழுந்திருக்கவில்லை. "சாரி அண்ணி. டாக்டர் உங்கள ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருன்னு அண்ணன் டைரக்டர்கிட்ட சொல்லிட்டாரு. வசனம் எல்லாம் எனக்குத் தெரியும்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க."

"எந்த டாக்டர்?"

சிவகாமி உதட்டுச் சாயத்தைக் கையில் எடுத்தாள்.

"சிவகாமி, என்னைப் பாத்துச் சொல்லு. நான் மாசமா இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கண்ணாடிக்குள்ளேயே இருவர் கண்களும் சந்தித்தன. சிவகாமி உதட்டுச் சாயத்தை மூடி, மேசையில் நேராக நிறுத்தி வைத்தாள்.

"புதன்கிழமை அம்மா சொன்னப்ப நம்பினேன். மூணு மாசம் முடியிறவரைக்கும் உங்ககிட்ட அதப் பத்திப் பேசவே கூடாது, கண்ணு பட்டுரும்னாங்க. அதான் தண்ணி வாளியக்கூட உங்கள தூக்க விடல. நெஜமாவே சந்தோஷப்பட்டேன் அண்ணி."

"அப்புறம்?"

"நேத்து பாத்ரூம்ல நீங்க ஊற வச்சிருந்த துணியப் பாத்தேன்."

உர்சுலாவுக்குக் கன்னம் சுட்டது. "பாத்துமா வந்தே?"

"பாத்துட்டுத்தான் வந்தேன்."

சிவகாமி இப்போது எழுந்து திரும்பினாள். அவள் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை.

"ஒன்றரை வருஷமா ராத்திரி ராத்திரி உங்க எதிர்ல உக்காந்து தருமன், பீமன், சகுனி எல்லாருமா நான்தான் வசனம் எடுத்துக் குடுத்தேன். உங்களுக்கு முன்னாடி எனக்கு மனப்பாடம் ஆயிரும். ஒரு நாளாவது 'நீயும் நடிக்கிறியா'ன்னு கேட்டீங்களா? சும்மா ஒரு தோழி வேஷமாவது கேட்டு வாங்கிக் குடுத்தீங்களா? ஷூட்டிங் முடிஞ்சு வந்து கதை சொல்வீங்க. நான் சமையல் பாத்திரம் கழுவிக்கிட்டே கேப்பேன். வாய்ப்பு வந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"என் வயித்தை வித்து வந்த வாய்ப்பு."

"அது நான் வித்ததில்ல."

உர்சுலாவின் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை பாதியில் நின்றது. அடித்தால் இந்தப் பெண் அழுவாள், அழுதால் எல்லோரும் உள்ளே வருவார்கள், கர்ப்பிணி கோபப்படக்கூடாது என்று தன்னையே பிடித்து உட்கார வைப்பார்கள். கையை இறக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அரங்கில் அத்தினாபுரத்துச் சபை தயாராக நின்றது. ஒட்டுப்பலகைத் தூண்களுக்குத் தங்க வர்ணம் பூசியிருந்தார்கள். ஐந்து கணவர்களும் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் அடுக்கடுக்காக மடித்து வைத்த சேலை மலை. ஒன்றோடு ஒன்று தைத்து, இழுக்க இழுக்க முடியாமல் வரவேண்டிய சேலை. நூருன்னிசா ஒரு மாதமாகத் தைத்தது.

டைரக்டர் மருதப்பன் அவளைப் பார்த்ததும் சிகரெட்டை நசுக்கிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க, கங்கிராட்ஸ். உங்க ஹஸ்பெண்ட் சொன்னப்ப எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் இடி. இருந்தாலும் அந்தப் பொண்ணு பரவால்ல. நல்லா பிக்கப் பண்ணுது."

"சார், நான் நடிக்கத்தான் வந்திருக்கேன்."

"இந்த நெலமையிலயா? வேணாம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவர் சொன்னது தப்பு."

மருதப்பன் சங்கடத்தோடு சுற்றிலும் பார்த்தார். சண்டை என்றால் பயப்படுகிற மனிதர். "உர்சுலா, இது உங்க வீட்டு விஷயம். என்னை நடுவுல மாட்டி விடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள நான் டேப்பை முடிக்கணும். அடுத்த வாரம் இந்த அரங்கத்தை மலாய் நாடகத்துக்குக் குடுத்துருவாங்க. நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றாரு. நான் யாரை நம்புறது?"

அப்போது துச்சாதனன் குறுக்கே வந்தார். அழகப்பன். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். மீசையும் கதாயுதமுமாக நின்றாலும் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. சீன் என்னன்னு உங்களுக்கே தெரியும். முடியப் புடிச்சு அந்த வாசல்லேர்ந்து இதுவரைக்கும் இழுத்துட்டு வந்து கீழ தள்ளணும். வயித்துல புள்ளையோட இருக்கிற பொம்பளைய நான் தொடமாட்டேன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அரங்கிலிருந்த அத்தனை பேரும் அதற்குத் தலையாட்டினார்கள். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கணவனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். அவன் சொல்ல மாட்டான். சும்மா திரும்பிப் போகலாம். போனால் இன்னும் சில மாதத்தில் "கலைஞ்சிருச்சு" என்று ஒரு புதுப் பொய் கோயிலுக்குப் போகும். அதற்கும் இதே பூக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

உர்சுலா சபையின் நடுவில் போய் நின்றாள். தீபம் மாதிரி எரிந்த விளக்குகளுக்கு அடியில், மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன செருப்போடு.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றாள். கத்தவில்லை. கத்தாமலே எங்கும் போகும் குரல் அது. "எனக்குப் பிள்ளை இல்ல. வயித்துலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. ஆறு வருஷமா டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன். இந்த மாசமும் இல்ல. நேத்து எனக்குத் தூரம். இதுக்கு மேலயும் யாருக்காவது சந்தேகம் இருந்தா, நூருவை உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

கோப்பிக் குவளைகள் அந்தரத்தில் நின்றன. பீமனாக நடிப்பவர் கிரீடத்தின் கற்களை எண்ணுகிறவர்போலக் குனிந்துகொண்டார். கேமராவுக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர்கூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வாசலில் சிவப்புச் சேலையோடு சிவகாமி நின்றாள். எல்லோரும் இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நெற்றிச்சுட்டியைக் கழற்றிக்கொண்டே வந்த வழியில் திரும்பினாள்.

"நூரு" என்றார் மருதப்பன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சேலையை மாத்துங்க."

அந்தக் காட்சியை ஒரே மூச்சில் எடுத்தார்கள். அழகப்பன் முதலில் தயங்கித் தயங்கித்தான் கூந்தலைத் தொட்டார். "நல்லாப் பிடிங்கண்ணே" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் இழுத்தார். தரையில் முழங்கை உராய்ந்தது. எழுந்து நின்று அவள் சபையைப் பார்த்தாள். தலை குனிந்த ஐந்து பேரையும் பார்த்தாள்.

"தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? சொல்லுங்கள். இந்தச் சபையில் வாய் உள்ளவர் ஒருவர்கூடவா இல்லை?"

மருதப்பன் எழுதிக் கொடுத்த வசனம்தான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'கட்' என்று சொல்ல அவர் மறந்துபோனார். சேலை முழுவதும் வந்து தீர்ந்து, நூருன்னிசாவின் கடைசித் தையலும் வெளியே தெரிந்த பிறகுதான் கேமராக்காரர் நிறுத்தினார்.

பாராட்டுகள் கேட்டன. அவளால் எதையும் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. கைதட்டிய ஒவ்வொருவர் கண்ணிலும், தட்டி முடித்த மறுகணம், பாவம் என்ற ஒரு வார்த்தை தெரிந்தது.

பூன் லேயில் வீட்டுக் கதவைத் திறந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இராசேஸ்வரி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஜெயரத்தினம் ஹாலில் நின்றுகொண்டிருந்தான். உட்கார முடியாதவன் நிற்கிற நிலை.

"மருதப்பன் போன் பண்ணினாரு" என்றான். "என்னைக் கண்டபடி ஏசிட்டாரு."

"சந்தோஷம்."

"சனத்துக்கு முன்னால எங்கட மானத்தை ஏலம் போட்டிட்டு வந்திருக்கிறாய்" என்றார் இராசேஸ்வரி, தீக்குச்சியை உதறியபடி. "குடும்பப் பொம்பிளை கதைக்கிற கதையே அது? ஆம்பிளையளுக்கு நடுவில நிண்டு?"

"கதை கட்டினது நீங்க மாமி. நான் அதை அவுத்தேன், அவ்வளவுதான்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

ஜெயரத்தினம் ஜன்னலைப் பார்த்தான். பதில் வராது என்று நினைத்தாள். வந்தது. எத்தனையோ நாள் வாயில் அடக்கி வைத்திருந்தது போலத் தடதடவென்று வந்தது.

"பேங்க்ல என்னை எப்படிக் கூப்பிடுறாங்க, தெரியுமா உனக்கு? ஆறாவது ஆள். கேண்டீனுக்குப் போனா, 'வாங்க ஆறாவது ஆளே, மத்த அஞ்சு பேரும் சௌக்கியமா'ன்னு கேக்குறானுங்க. நான் லீவு போட்டா, இன்னிக்கு உங்க முறையான்னு கேக்குறானுங்க. எங்க சீன மேனேஜருக்குப் பாரதமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அவருக்கும் எவனோ விளக்கிச் சொல்லிட்டான். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் 'நம்பர் சிக்ஸ், உன் ரிப்போர்ட் எங்க லா'ன்னு கேக்குறாரு. நான் சிரிக்கணும். ஒன்றரை வருஷமா சிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

உர்சுலாவுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு கணம் அவன்மீது இரக்கம்கூட வந்தது. அவன் பேசாமல் இருந்த வாரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அதுக்கு ஏன் பிள்ளையை இழுத்தீங்க? கால் ஒடிஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாம். டைபாய்டுன்னு சொல்லியிருக்கலாம். இருக்கிற அத்தனை பொய்யிலயும் இதுதானா கெடைச்சுது உங்களுக்கு?"

ஜெயரத்தினம் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

"ஓம், நான்தான் சொல்லச் சொன்னனான்" என்றார் இராசேஸ்வரி. பின்வாங்கவில்லை. "கோயில் வாசல்ல கால் வைச்சா என்னட்டைக் கேக்கிற கேள்வி ஒண்டுதான். மருமகளுக்கு ஏதும் விசேசமோ? ஆறு வருசமாக் கேக்கினம். சின்ன மகனும் இல்லை, இன்னொரு மருமகளும் இல்லை, மாத்திக் கதைக்க. நேற்று ஒரு நாள், ஒரேயொரு நாள், தலையை நிமித்திக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தனான். நீ இண்டைக்கு அதையும் கெடுத்துப்போட்டாய்."

"உங்க ஒரு நாளுக்காக நான் இன்னிக்கு என் உடம்பைப் பத்தி அத்தனை ஆம்பளைங்க முன்னாடி பேசினேன் மாமி. நாளைக்கு மார்க்கெட்ல பேசணும். நாளன்னைக்கு நான் வேலை பாக்குற ஆபீஸ்ல பேசணும். உங்களுக்குத் தலை நிமிர்ந்துச்சு. எனக்கு?"

"பிள்ளையைப் பெத்திருந்தா ஏன் இந்தக் கதை எல்லாம்?"

உர்சுலாவின் முழங்கையில் உராய்ந்த இடம் எரிந்தது. ஜெயரத்தினம் இதற்காவது வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். அவன் திறக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு உம்மு சல்மா. கையில் மூடி போட்ட எனாமல் பாத்திரம். கதவைத் திறந்த ஜெயரத்தினத்திடம் அதை நீட்டினாள்.

"சேமியாப் பாயசம் தம்பி. உங்க அம்மா காலையில கீழ கடையில வச்சு விஷயத்தைச் சொன்னாங்க. மாஷா அல்லாஹ். சும்மா இருக்க முடியல, உடனே காய்ச்சிட்டேன். உர்சுலாவை நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க."

ஹாலுக்குள் இருந்து உர்சுலா கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிவிடலாம். ஒரு வரிதான். அக்கா, அது தப்பான செய்தி. அதைச் சொன்னால் இந்த வீட்டில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஜெயரத்தினம் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ் அக்கா" என்றான். "சொல்றேன்."

"அண்ணி மாசமா இல்ல, அக்கா."

குரல் வெளியிலிருந்து வந்தது. தாழ்வாரத்தில் சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். ஸ்டூடியோவிலிருந்து காலையிலேயே புறப்பட்டவள் இத்தனை நேரம் எங்கே சுற்றினாளோ, பாதி மேக்கப் முகத்திலேயே இருந்தது. கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"அம்மாவும் அண்ணனும் சொன்னது பொய். எனக்கும் தெரியும். நீங்க கஷ்டப்பட்டுப் பாயசம் காய்ச்சியிருக்கீங்க. மன்னிச்சுக்குங்க."

உம்மு சல்மாவின் முகம் வெளிறியது. உர்சுலாவை எட்டிப் பார்க்க நினைத்து, பார்க்காமல், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரம் ஜெயரத்தினம் கையிலேயே நின்றுவிட்டது.

"வாயைப் பொத்திக்கொண்டு உள்ள வாடி" என்றார் இராசேஸ்வரி. "உனக்காகத்தானே எல்லாம் செய்தது?"

"எனக்காக இல்லம்மா. உங்களுக்காகச் செஞ்சீங்க, அண்ணனுக்காகச் செஞ்சீங்க. நடுவுல நான் கெடைச்சேன். இன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி நகையைக் கழட்டிக் குடுத்துட்டு வந்தது நான்தான்."

உர்சுலா ஓர் அடி முன்னால் வந்தாள். சிவகாமி கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"நன்றி கின்றின்னு எதுவும் சொல்லாதீங்க. உங்களுக்காக இதைச் சொல்லல. உங்கமேல எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கு."

"எனக்கும் அப்படியேதான் இருக்கு."

"நல்லது. மருதப்பன் சார் நான் கெளம்புறப்ப வெளிய வந்து பேசினாரு. பானுமதி வேஷம் குடுத்திருக்காரு. துரியோதனன் பொண்டாட்டி. போர் முடியிறவரைக்கும் இருக்கு. இனிமே உங்க எதிர்ல, சிம்மாசனத்துல உக்காந்துக்கிட்டு இருப்பேன். உங்க சீன்ல எல்லாரும் என்னைப் பாக்குற மாதிரி நடிப்பேன். முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"வா" என்றாள் உர்சுலா. "முடிஞ்சா செய்."

இத்தனை நாளில் அந்த வீட்டில் அவளிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் கோபமாக இருந்ததா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜெயரத்தினம் இன்னும் வாசலிலேயே நின்றான். பாத்திரத்தின் சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும். கையை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"அதை நீங்களே கொண்டு போய்த் திருப்பிக் குடுங்க" என்றாள் உர்சுலா. "என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் நீங்களும் நானும் பேசணும். இல்லன்னா நமக்குள்ள பேச எதுவும் இல்ல."

"உர்சுலா, அவங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே."

"உங்ககிட்ட இருந்து தெரியல."

அவன் தாயைப் பார்த்தான். இந்த முறை அவர் அவனைப் பார்க்கவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவு அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

பக்கத்து வீட்டுக் கதவு சில எட்டுதான். மூன்று பெண்களும், ஒருவரையொருவர் பார்க்காமல், அந்தக் கதவு தட்டப்படும் சத்தத்துக்காகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்கள்.

தட்டும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தாழ்வாரத்தின் கோடியில், லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.